சொந்தக்கார எண்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று புருவத்தை உயர்த்துவாய். போனில் பேசித்தான் பார்த்தேனே. போன வாரம் நீ "கொஞ்சம் நிறுத்துங்க அண்ணி" என்று சொன்ன இடத்தில் லைன் அறுந்துபோனது. நான்தான் கோபத்தில் வைத்துவிட்டேன் என்று உன் அண்ணனுக்குத் தகவல் போயிருக்கிறது. அவர் சாப்பாட்டு மேசையில், அத்தை எதிரில், அதை என்னிடம் விசாரித்தார். நான் வைக்கவில்லை. ஒரு பேச்சைப் பாதியில் வைக்கும் உரிமை இந்த வீட்டில் எனக்கு இன்னும் வரவில்லை. காகிதமாக இருந்தால் கடைசி வரிவரை வந்து சேரும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவமனைக்குப் போனில் மொழிபெயர்ப்பது. டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு வேறு மொழி. மேசைமேல் போனை ஸ்பீக்கரில் வைத்துவிடுவார்கள், நான் வீட்டிலிருந்தபடி இரண்டு பக்கமும் பேசுவேன். கல்யாணமாகி வந்த பிறகு எனக்குத் தெரிந்த இரண்டாவது மொழி அத்தைக்கு வெளிநாட்டு சீரியலின் கதையைச் சொல்ல மட்டுமே பயன்பட்டு வந்தது. இப்போது அதற்குச் சம்பளம்.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டே இருப்பதால் படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறேன். அங்கே எதிரொலி இல்லை. ஊரில் யார் யாருக்கு மூலநோய் என்பது இப்போது உன் அண்ணனின் சட்டைகளுக்கு அத்துப்படி.

விஷயத்துக்கு வருகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் போய்விடுகிறது. போனைப் பார்த்தால் வைஃபை முழுசாகக் காட்டுகிறது. ஆனால் எதிர்ப் பக்கம் யாரும் இல்லை. மாடிப்படிக்கு ஓடினால் கொஞ்ச நேரம் கழித்து டவர் கிடைக்கிறது, அதற்குள் டாக்டர் வேறு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போயிருப்பார். முதல் சில மாதம் சோதித்துப் பார்ப்போம், புகார் வந்தால் நிறுத்திவிடுவோம் என்று மேற்பார்வையாளர் அம்மா சொல்லித்தான் எடுத்தார். உன் அண்ணன் வேறு, "எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்" என்று சிரிக்கிறார்.

எனக்கு இந்த வேலை வேண்டும் பாப்பா. இந்த வீட்டில் நான் யாரிடமும் கேட்டு வாங்காத ஒரே பொருள் அதுதான். நீ அந்த போன் கம்பெனியில்தானே இருக்கிறாய், என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்.

அண்ணி


ஜனவரி 17

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் வரவேற்பறைப் பெண் செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். இந்த அலுவலகத்துக்குத் தபால்தலை ஒட்டிய உறை வந்து எத்தனை வருஷமோ.

வேலைக்கு வாழ்த்துகள். அண்ணன் முன்பே சொன்னான். உங்களுக்கும் பொழுதுபோக வேண்டும்தானே.

உங்கள் கோளாறைப் பற்றி. நான் என்ன செய்கிறேன் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை விளக்கினேன். நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையாட்டினீர்கள், ஆகவே திரும்பச் சொல்கிறேன். டவர் என்பது ஒரு வாசல். மாலையானால் ஊரே படம் பார்க்கிறது, வாசலில் நெரிசல். கொஞ்சம் பேரைப் பக்கத்து வாசல் வழியாக அனுப்பியாக வேண்டும். வைஃபைதான் அந்தப் பக்கத்து வாசல். வீட்டில் இருக்கும் வைஃபைப் பெட்டி, கடைப் பெட்டி, தெருமுனையில் நாங்களே மாட்டியிருக்கும் பெட்டி, எதுவானாலும் சரி. யாரை எப்போது அங்கே அனுப்புவது, அனுப்பியவரை எவ்வளவு நேரம் அங்கேயே நிறுத்துவது என்ற விதிகளை எழுதுவது நான். போனுக்குச் சொந்தக்காரர் எதையும் செய்ய வேண்டாம், அது தானாக மாறிக்கொள்ளும்.

ஆகவே நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. உங்கள் பெட்டி பழசாக இருக்கும். அல்லது நீங்கள் காதில் போனை வைத்துக்கொண்டு வீட்டை அளந்துகொண்டிருப்பீர்கள். அலமாரிக்குள் தலையை விட்டால் சிக்னல் எப்படி வரும் அண்ணி? பெட்டியை மாற்றச் சொல்லுங்கள், ஓரிடத்தில் உட்காருங்கள்.

இன்னொன்று. தினமும் மாலையில் "இன்று இணைப்பு எப்படி இருந்தது" என்று உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். எங்கள் அலுவலகம் அனுப்புவதுதான். ஐந்தை அழுத்துங்கள். எனக்கு நல்லது.

அம்மாவுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுங்கள். போன தடவை பின்னால் கொடுத்தீர்களாம்.

பாப்பா


பிப்ரவரி 2

பாப்பாவுக்கு,

பெட்டியை மாற்றியாகிவிட்டது. படுக்கையறையிலேயே, அலமாரிக்குப் பக்கத்தில் புதுப் பெட்டி. ஓரிடத்தில்தான் உட்கார்கிறேன். அப்படியும் அறுகிறது.

அத்தையின் போனை வாங்கி உங்கள் கம்பெனி உதவி எண்ணுக்கே பேசினேன். எடுத்த பையன் என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இது சொந்தக்கார நம்பர்" என்றான். யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். அவன் ரொம்ப மரியாதையாக விளக்கினான். நீங்கள் புது விதி எழுதினால் ஊருக்கு விடுவதற்கு முன்னால் உங்கள் சொந்தக்காரர்களின் போனில் போட்டுப் பார்ப்பீர்களாம். ஒவ்வொரு விதிக்காரரும் தன் வீட்டு எண்களைக் கொடுத்தாக வேண்டுமாம். சொந்தக்காரர்கள் புகார் செய்ய மாட்டார்கள் என்பது வசதியாம். போன மாதம் உன் பட்டியலில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று எண்கள் இருந்தன, அத்தையுடையதும் உன் அண்ணனுடையதும் எடுக்கப்பட்டுவிட்டன, இது மட்டும் இருக்கிறது என்றான்.

அத்தை சீரியல் நின்று நின்று வருகிறது என்று உன்னிடம் புலம்பினார், எடுத்துவிட்டாய். உன் அண்ணன் ஒருமுறை கத்தினார், எடுத்துவிட்டாய். நான் கடிதம் எழுதிக் கேட்டேன், பெட்டியை மாற்றச் சொன்னாய். என் காதில் பூச்சுற்ற உனக்கு எவ்வளவு தைரியம்?

வைஃபையைக் கையால் அணைத்தால் சற்று நேரத்தில் அதுவாகவே திரும்பப் போட்டுக்கொள்கிறது. அதுவும் உன் விதியாம். வேறு சிம் வாங்க முடியாது. மருத்துவமனையில் இந்த எண்ணைத்தான் பதிந்திருக்கிறார்கள், சோதனைக் காலம் முடியும்வரை மாற்ற மாட்டார்கள். இதே எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகலாம் என்றால் நம் வீட்டு எண்கள் எல்லாம் உன் பெயரில் இருக்கின்றன. அன்று குடும்பத் திட்டம், எல்லாருக்கும் இலவசம் என்று நீ சிம்களை நீட்டியபோது நான்தான் முதலில் கை நீட்டினேன். இளிச்சவாய்.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். என் எண்ணை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்று எழுத வேண்டுமானால் அதையும் எழுதுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

உதவி எண்ணில் இருக்கும் அந்தப் பையனுக்கு வாய் நீளம். மேலிடத்தில் சொல்லிவிட்டேன், இனி அவன் அங்கே இருக்க மாட்டான்.

ஆமாம், உங்கள் எண் பட்டியலில் இருக்கிறது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை, சொன்னால் புரியாது என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் வைஃபை கொஞ்சம் பலவீனமானாலே போன்கள் டவருக்குத் திரும்பி ஓடிவரும், மறுபடி வைஃபைக்கு ஓடும். ஊரே இப்படி அலைந்தால் இரண்டு வாசலும் அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு விதி எழுதினேன். போன் ஒரு வைஃபையைப் பிடித்துவிட்டால் அதன் சிக்னல் அடியோடு மறையும்வரை விடாது. அலுவலகத்தில் அதற்குப் 'பசை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டவர் நெரிசல் பாதியாகக் குறைகிறது. இங்கே எனக்கு மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் என்னைவிட மந்தம். இந்த ஒரு விதி ஊருக்குப் போய்விட்டால் அடுத்த நாற்காலி எனக்கு. நான் கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலிக்காகத்தான்.

பட்டியலில் வீட்டு எண் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அண்ணன் போனில்தான் வியாபாரமே நடக்கிறது. உங்களுக்கு என்ன? நீங்கள் பேசினால் பேசுகிறீர்கள், இல்லாவிட்டால் அண்ணன் சோறு போடாமல் விட்டுவிடப் போகிறானா? உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் இந்த ஆட்டமெல்லாம் உங்களுக்கே தோன்றியிருக்காது. மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வைஃபையில் அறுகிற அழைப்பு எங்கள் கணக்கில் வராது. டவரில் அறுந்தால்தான் வரும். வைஃபைப் பக்கம் என்ன நடக்கிறது என்பதற்கு உங்கள் மாலை மெசேஜ்தான் ஒரே சாட்சி. ஆகவே ஓர் ஒப்பந்தம். சோதனை முடியும்வரை வாயைத் திறக்காமல் ஐந்து போட்டுக்கொண்டிருங்கள். முடிந்த மறுநாள் உங்கள் எண்ணை உங்கள் பெயருக்கே மாற்றித் தருகிறேன். பிறகு எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

விதி எழுதியவர் சொந்தக்கார எண்ணோடு சோதனையைப் பற்றிப் பேசக் கூடாது என்று இங்கே கட்டுப்பாடு. போனில் கேட்காதீர்கள்.

பாப்பா


மார்ச் 3

பாப்பாவுக்கு,

வேலை போய்விட்டது. எப்படிப் போனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அறுவைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர் அவசரக்காரர், ஆனால் நல்லவர். துண்டு துண்டாகச் சொல்லி, நான் முடிக்கும்வரை காத்திருப்பார். எதிரில் கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கும் ஒரு மனிதர். அவருடைய மனைவிக்கு அன்று காலை வயிற்றில் அறுவை. டாக்டர் முதல் துண்டைச் சொன்னார். செய்ய முடிந்ததை எல்லாம் செய்தோம், அறுவை தடங்கலில்லாமல் முடிந்தது. அதைச் சொன்னேன். அந்த மனிதர் அழுதுகொண்டே நன்றி சொன்னார், அதையும் டாக்டருக்குச் சொன்னேன். டாக்டர் அடுத்த துண்டைச் சொன்னார். திறந்து பார்த்ததில் நோய் எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது, இன்றைக்குள் முடிந்துவிடலாம், பிள்ளைகளை உடனே வரச் சொல்லுங்கள்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மெதுவாகச் சொன்னேன், அவர் மொழியில் இதற்கென்று இருக்கும் இதமான சொற்களைத் தேடிச் சொன்னேன். சட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, செத்துப்போன லைனில், அவள் பிழைக்க மாட்டாள் என்று கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்தேன். பதில் வரவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்கூட.

எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இணையக் கம்பியை வெட்டியிருக்கிறார்கள். பெட்டியில் விளக்கு எரிந்தது, போனில் வைஃபை முழுசாகக் காட்டியது, உன் பசை அதை விடவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டரைக் கூப்பிட அடுத்த அறையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், டாக்டர் வாசலில் நின்று அவரோடு பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, நான் சொல்லி முடித்துவிட்டேன் என்று எண்ணிப் போய்விட்டார். நான் படிக்கட்டில் நின்று திரும்ப அழைத்தபோது அந்த அறையில் யாரும் இல்லை.

அவர் பிள்ளைகளுக்குப் போன் செய்து, அம்மா நன்றாகிவிட்டாள், பரீட்சையை முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, அவளுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். துணிப்பையோடு வார்டு வாசலில் நின்றவரிடம்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் மருத்துவமனை அலுவலகத்தில் நின்று, "நல்லாயிட்டான்னு சொன்ன அந்தப் பொம்பளையக் கூப்பிடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மேற்பார்வையாளர் அம்மா என்னைத் திட்டவில்லை. அழைப்பு என் பக்கம்தான் அறுந்தது என்று பதிவு சொல்கிறது, இனி அழைக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார்.

உன் அண்ணன், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அலமாரிக் கதவை மூடிவிட்டேன்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

படித்தேன். வருத்தமாக இருந்தது. உண்மையாகவே வருத்தமாக இருந்தது, நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதீர்கள். பள்ளம் தோண்டியது நானா? அந்தம்மாவுக்கு நோயைக் கொடுத்தது நானா? கெட்ட செய்தியும் இருக்கிறது என்று நீங்கள் முதலிலேயே அந்த மனிதரை எச்சரித்திருக்கலாம். டாக்டரையாவது முழுக்கச் சொல்லவிட்டு மொழிபெயர்த்திருக்கலாம். அனுபவம் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். இந்த வேலை உங்களுக்குக் கொஞ்சம் பெரிசு அண்ணி. அதை அண்ணன் பக்குவமில்லாமல் சொல்லியிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலை மெசேஜுக்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று பார்த்தேன். ஐந்து. அந்த நிலையிலும் ஒப்பந்தத்தை மீறவில்லை. அதற்கு நன்றி.

இனி உங்களைப் பட்டியலில் வைத்திருப்பதில் எனக்குச் சங்கடம்தான். வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன். நடந்ததை வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பாப்பா


மார்ச் 20

அன்புள்ள பாப்பா,

என் எண்ணை எடுக்காதே. இனி அது அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? யாருக்காவது பயன்படட்டும். அந்த நாற்காலி உனக்குக் கிடைத்தால் இந்த வீட்டில் ஒரு பெண்ணாவது நினைத்ததைச் சாதித்தாள் என்று இருக்கும்.

போன தடவை எழுதியதில் சூடு அதிகமாகிவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளாதே. அத்தைக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால்தான் கொடுக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப்போட்டேன்.

என் விதியை முதலில் நான் இருக்கும் இந்த நகரம் முழுவதற்கும் விடப்போகிறார்கள். மேலாளர் துள்ளிக் குதிக்கிறார். பட்டியலில் எல்லாரும் நாலும் ஐந்துமாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொந்தக்காரர்கள் அண்ணி. என் எதிர் மேசைக்காரனின் மாமனாரும் ஐந்துதான் போடுவார், அவர் போனில் பேசியே மாதக்கணக்காகிறது. வைஃபையிலேயே மணிக்கணக்காகப் பேசியது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த பிறகு விதியில் ஒரு திருத்தம் செய்தேன். உங்களிடம் சொல்லவில்லை. சிக்னல் இருந்தால் மட்டும் போதாது, பெட்டிக்குப் பின்னால் லைன் உயிரோடு இருக்கிறதா என்று போன் தட்டிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டவருக்குத் திரும்பிவிட வேண்டும். இங்கே சோதனை அறையில் அது வேலை செய்கிறது. வீட்டில் வேலை செய்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்கள் போனில் அந்தத் திருத்தம் ஏறிவிட்டது. பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் கம்பியைப் பிடுங்கிவிட்டு யாருக்காவது பேசிப் பாருங்கள். போன் தானாக டவருக்குத் திரும்புகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

திரும்பவில்லை என்று நீங்கள் எழுதினால் நிறுத்திவிடுகிறேன். நாற்காலி போனால் போகட்டும். அந்த வண்ணமடிக்கிறவர் எனக்கும் சில நேரம் ஞாபகத்துக்கு வருகிறார். இனி ஐந்து போடச் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்லுங்கள், அது போதும்.

பாப்பா


ஏப்ரல் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ இப்படித் தயங்கி எழுதி நான் பார்த்ததே இல்லை. அத்தையிடம் படித்துக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது, உன் தன்மானத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடியே கம்பியைப் பிடுங்கிவிட்டு உன் அண்ணனுக்குப் பேசினேன். அழகாகத் திரும்புகிறது. இடையில் ஒரு சொல்கூட விடுபடவில்லை. பேசிக்கொண்டிருந்தவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. படுக்கையறையில் பார்த்தேன், ஹாலில் பார்த்தேன், தெருமுனைப் பெட்டிக்குக் கீழே போய் நின்றும் பார்த்தேன்.

உங்கள் குழுவிலிருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். முன்பு குறை இருந்ததா என்று கேட்டார். பெட்டி பழசு, எனக்கும் பயன்படுத்தத் தெரியவில்லை, எல்லாம் எங்கள் பாப்பா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள் என்றேன். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறீர்களே, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில்தான் சும்மா இருக்கிறேன் என்று சொன்னேன்.

தைரியமாக விடு. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடாதே.

அண்ணி


ஜூன் 2

அண்ணிக்கு,

சாவு வீட்டில் உங்களோடு பேச முடியவில்லை. நான் வாசலில் நுழைந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மாவின் உடலைத் தூக்க அண்ணன் என்னை விடவில்லை, முகத்தைக்கூட நன்றாகப் பார்க்கவிடவில்லை. "கூப்பிட்டப்ப வராதவளுக்கு இப்ப என்ன வேலை" என்று எல்லார் முன்னாலும் கேட்டான்.

இங்கே நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விதியை விட்ட மறுவாரமே பாலத்துக்கு அடியில் பெரிய கம்பி அறுந்தது. பாதி நகரத்தில் பெட்டிகள் சிக்னல் காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன, போன்கள் அவற்றையே பிடித்துக்கொண்டு தொங்கின. டவர்கள் காலியாக நின்றன. திருத்தம் வேலை செய்யவில்லை. நான் அந்த இரண்டு நாளும் அலுவலகத்தை விட்டு நகரவில்லை. என் போன் மேசைமேல் இருந்தது. ஊரில் யாருடைய போனும் அடிக்கவில்லை என்று தெரிந்த எனக்கு, என்னுடையதும் அப்படித்தான் என்று உறைக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நாளிலும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். சொந்தக்கார எண்ணின் பதிலை நம்பித்தான் விதியை ஊருக்கு விட்டேன் என்று விசாரணையில் சொன்னேன். அந்த எண்ணை யார் உங்கள் பட்டியலில் சேர்த்தது என்று கேட்டார்கள்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஏப்ரலில் போன் உண்மையிலேயே டவருக்குத் திரும்பியதா? அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா? அண்ணன் சொல்ல மாட்டேன் என்கிறான். பக்கத்தில் இருந்தது நீங்கள். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை மறைக்காதீர்கள். காலில் விழுகிறேன்.

பாப்பா


ஜூன் 10

பாப்பாவுக்கு,

நீ கேட்ட இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

திரும்பவில்லை. கம்பியைப் பிடுங்கியதும் குரல் போய்விட்டது. உன் அண்ணன் எதிர் அறையிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று கத்துவது சுவர் வழியாகக் கேட்டது, போனில் கேட்கவில்லை. வைஃபை முழுசாகக் காட்டியது. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். பிறகு கம்பியைச் செருகிவிட்டு உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதினேன். உன் நகரத்தில் இருப்பவர்களை நினைக்கவில்லையா என்று நீ கேட்கலாம். நினைத்தேன். உன்னைத்தான் அதிகம் நினைத்தேன்.

அத்தை. காலையில் மூச்சு வாங்கியது, மத்தியானத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். உன் அண்ணனும் அங்கிருந்து உனக்கு அடித்துப் பார்த்தார், திட்டிக்கொண்டே மருந்து வாங்கப் போய்விட்டார். நான் மட்டும் கட்டில் பக்கத்தில் இருந்தேன். அத்தை உன்னைக் கேட்டார். வேறு யாரையும் கேட்கவில்லை. நான் அடித்தேன். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்று உங்கள் கம்பெனிப் பெண்ணின் குரல் வந்தது. உங்கள் நெட்வொர்க்கின் கணக்கில் உன் போன் வைஃபையில் நன்றாகத்தான் இருந்தது, அதனால் தொடர்பு இல்லை என்று சொல்லாமல் பதிலளிக்கவில்லை என்று சொன்னது. அத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். அதே குரல்.

எதிர்ச் சுவரில் டிவி இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். உன் நகரத்தில் எந்த போனும் வேலை செய்யவில்லை என்று அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் படித்தேன். அத்தையால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. கண்ணாடி என் கைப்பையில் இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்தார். "லைன் கெடைக்கலையா, இல்ல அவ எடுக்கலையா?" என்று கேட்டார். எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் நான் டாக்டர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். அன்றும் அந்தக் குரல் சொன்னதை அப்படியே சொன்னேன். "எடுக்கலை அத்தை" என்றேன்.

அவரை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. என்னிடம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கடைசி வருஷத்தில் என் கையால்தான் சாப்பிட்டார். உன்னை நினைத்தால் வரவில்லை.

அவர் என்ன சொன்னார் என்றுதானே உனக்குத் தெரிய வேண்டும். "சரி, விடு. இனிமே அவளைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அண்ணன் மருந்தோடு வந்து எவ்வளவோ கூப்பிட்டும் அவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணி